பீங்கான் கிண்ணத்தில் மிஞ்சியது

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் சுற்றுச்சூழல் பாடம் கடைசியில் கிடந்தது. கடைசிப் பாடங்களின் தலையெழுத்து எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுதான். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது வாத்தியார் வந்து, "இத நீங்களே வாசிச்சுக்குங்க, அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு நிச்சயம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்கு முந்தைய செட் அப்படித்தான் படித்தது. ஓசோன் படலத்தில் எங்கே ஓட்டை என்றால் தூக்கத்தில்கூட அண்டார்க்டிகா என்பார்கள். தாஜ்மஹால் ஏன் மஞ்சளடிக்கிறது என்றால் மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. போபால் என்றால் 1984, மீத்தைல் ஐசோசயனேட். மினமாட்டா என்றால் பாதரசம். 'பொருத்துக' கேள்விக்குத் தோதாக, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விஷம்.

எங்கள் ஊருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. நான் சொல்வது 2001-ம் வருஷத்தை. அப்போது அது வேலூர் மாவட்டம். திருப்பத்தூர் மாவட்டமானது 2019-ல். தோல் பதனிடும் ஆலைக்கு எங்கள் பேச்சில் தோல் ஷாப்பு என்று பெயர். மேல்காற்று அடித்தால் வகுப்புக்குள் தோல் ஷாப்பு வாடை வரும். ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரிகள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எதற்குத் தேடுகிறார்கள் என்று எங்களுக்கு விளங்காது.

அந்த வருஷம் ஜூன் மாதம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஓர் அறிவியல் டீச்சர் வந்தார். நாற்பது வயதிருக்கும். குரல் உயராது, பிரம்பும் எடுக்க மாட்டார். வந்தவர் முதல் பாடத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பாடத்தைத் திறக்கச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் மத்திய அரசு 'தேசியப் பசுமைப் படை' என்று பள்ளிகளில் தொடங்கியிருந்தது. எங்கள் பள்ளியில் அதற்குப் பொறுப்பாசிரியர் யார் என்ற கேள்வி வந்தபோது மற்றவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள, புதிதாக வந்தவர் தலையில் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லவேளை விழுந்தது.

இந்தப் பாடம் புத்தகத்துக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். எந்த வாத்தியாரும் அதற்கு முன் அப்படி ஆரம்பித்ததில்லை. புத்தகம் என்பது வானத்திலிருந்து இறங்கியது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், சினிமாக் கொட்டகைகளில் ஒவ்வொரு காட்சியிலும் அதைப் பற்றிக் குறைந்தது இரண்டு ஸ்லைடாவது இலவசமாகக் காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஸ்லைடு என்றதும் வகுப்பு கலகலத்தது. படம் போடுமுன் ஒரு மரமும் ஒரு குருவியும் திரையில் வந்து நிற்கும். பின்னால் விசில் பறக்கும். அது உச்ச நீதிமன்றம் போடச் சொன்ன குருவி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு கேட்டார்: "இந்தப் பாடத்துல இருக்கிறதுல எது உங்க ஊர்ல இருக்கு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் வெளியூர், அந்த மௌனம் அவருக்குப் புதிது. எங்களுக்குப் புதிதல்ல. முதல் பெஞ்சில் இருந்தவனின் அப்பா பச்சைத் தோல் மண்டி வைத்திருந்தார். அவனுக்கு இந்தப் பக்கம் நான். என் நைனா தோல் ஷாப்பில் டிரம் வேலை. பெண்கள் வரிசையில் பாதிப் பேருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கப் போனார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். கடைசி பெஞ்சில் கிணத்துமேட்டுக்காரன் இருந்தான். அவன் வீட்டுக் கிணறு கழிவுநீர் ஓடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவன் தாத்தா காலத்தில் அங்கே நெல்லும் கரும்பும் விளைந்தன. அவன் காலத்தில் தென்னை மட்டும் நின்றது. காய் சிறுத்துப்போனதால் வியாபாரி ஏறிட்டும் பார்ப்பதில்லை. பத்தடி இடைவெளிக்குள் தோல் விற்றவன், தோல் ஊறவைத்தவன், அந்தத் தண்ணீரை நிலத்தில் வாங்கிக்கொண்டவன் மூவரின் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். அங்கே 'மாசு' என்று ஒருவன் எழுந்து சொன்னால், இன்னொருவன் வீட்டு அடுப்பைச் சொன்னதாக ஆகும்.

இதற்கு முன்கதை உண்டு. தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், கெடுதல் முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதிதான் என்று அதில்தான் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடச் சொல்லிக் கெடு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் யாரும் சுற்றுச்சூழல் சட்டத்துக்குள் நுழைய முடியாது. எங்கள் தெருவில் அந்தத் தீர்ப்புக்கு வேறு ஞாபகம். ஷாப்புகள் மூடிக் கிடந்தன. நைனா திண்ணையில் உட்கார்ந்து பீடி வலித்தார். மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டை மூடி வைத்தார். கிணத்துமேட்டுக்காரன் வீட்டில் அதே நாட்களில் பொங்கல் வைத்தார்கள் என்று தெருவில் பேச்சு. உண்மையா என்று நான் அவனிடம் கேட்டதே இல்லை.

டீச்சர் அந்த மௌனத்தை ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் வந்து, "ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி கொண்டு வாங்க" என்றார். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், கிணறு, போர், ஆற்று ஊற்று, எதுவானாலும் சரி. ரயில்வே ஸ்டேஷனில் பொறுக்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் மேசைமேல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார். எந்த எண் யாருடையது என்பதைத் தன் டைரியில் மட்டும் குறித்துக்கொண்டார். போர்டில் பெயர் கிடையாது, எண்தான். இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை எனக்கு விளங்கப் பல வருஷமாயிற்று.

சோதனை மிக எளிது. தண்ணீரை வடிதாளில் வடிகட்ட வேண்டும். பீங்கான் கிண்ணத்தைக் காலியாக எடை போட வேண்டும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து, வடிகட்டிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, லிட்டர் முழுவதையும் ஆவியாக்க வேண்டும். கடைசியில் அடியில் வெள்ளையாக மிஞ்சுவதோடு கிண்ணத்தை மறுபடி எடை போட்டால், வித்தியாசம்தான் அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த திடப்பொருள். இன்றைக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் ஃபில்டர் விற்பவர் பேனா மாதிரி ஒன்றை முக்கிக் காட்டி 'டீடிஎஸ்' என்கிறாரே, அதேதான். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாங்கள் உப்பையே கண்ணால் பார்த்தோம்.

லேபில் கேஸ் கிடையாது. சத்துணவு சமைத்து முடித்த அடுப்பில்தான் வேலை. சமையல் ஆயா முதலில் விரட்டினார், பிறகு அவரே விறகைத் தள்ளிவிட்டு, "இன்னும் வத்தலியாடா உங்க ரசம்?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு லிட்டர் வற்ற ஒரு பகல் போய்விடும். தராசு அடுத்த சிக்கல். பள்ளித் தராசின் சின்ன எடைக்கற்கள் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. பஜாரில் அடகுக் கடை வைத்திருந்த சேட்டிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. டீச்சர் போய்க் கேட்டார். தங்கம் வைக்கும் தட்டில் உப்பை வைக்க சேட்டு லேசில் சம்மதிக்கவில்லை. படிப்புக்கு என்றதும் இறங்கி வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் கிண்ணம் போனது. மூக்குத்தி அடகு வைக்க வந்த ஒரு அம்மா, இது எந்த ஊர் வெள்ளி என்று கேட்டார்.

ஆற்று ஊற்றுத் தண்ணீரில் மிஞ்சியது முக்கால் கிராமுக்குப் பக்கம். பாலாறு மேலே மணல், கீழே தண்ணீர். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகத் தெரிந்தாலும் அடியில் ஓட்டம் இருக்கும். மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி, வாய்க்காலாக இழுத்துக்கொண்டு போய்ப் பாசனம் செய்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். தோல் ஷாப்புகள் இங்கே வந்ததற்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம். ஊர்ப் போர்களில் ஒன்றரை, இரண்டு கிராம் வந்தது. கடைசியாக ஏழாம் நம்பர் பாட்டில். கிண்ணத்தின் அடியில் தூளாக இல்லை, பொருக்குத் தட்டியிருந்தது. சேட்டின் தராசு ஐந்தே கால் கிராம் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறியது. சேட்டுக்குத் திகில், தராசு கெட்டுவிட்டது என்று கத்தினார். டீச்சர் சிரித்தார். மெக்னீசியம், கால்சியம் குளோரைடு இருந்தால் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் எடை கூடிக்கொண்டே போகும் என்றார். சூடு ஆறியவுடன் மூடி வைத்து, முதலில் காட்டுவதைத்தான் எழுத வேண்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் போர்டில் நான்கு எண்களை எழுதினார். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே கிடைக்காதபோது அதிகபட்சம் 2,000. தொழிற்சாலைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கு வரம்பு 2,100. கடல்நீரில் சுமார் 35,000. "ஏழாம் நம்பர் எங்க வரும், நீங்களே வைங்க" என்றார். ஐயாயிரத்து இருநூற்றைம்பது. சுத்திகரித்து வெளியே விடும் கழிவுக்கு உள்ள வரம்பைப் போல இரண்டரை மடங்கு. அது ஒருவர் வீட்டுக் கிணறு.

யாருடைய பாட்டில் என்று டீச்சர் சொல்லவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவனாகவே சொன்னான்: "எங்களுது டீச்சர். எங்க ஆயா சும்மா சொல்லுதுன்னு நெனச்சேன்."

அவன் ஆயா அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்று காலமெல்லாம் புலம்பியவர். டீச்சர் அதையும் சோதனையாக்கினார். ஒரே அளவு தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிற்கும் நுரை வர எத்தனை சொட்டு என்று எண்ணச் சொன்னார். ஊற்றுத் தண்ணீர் சீக்கிரம் நுரைத்தது. ஏழாம் நம்பர் தயிர் திரிந்தாற்போலத் திரிந்து அடியில் தங்கியது. பழுப்புப் பாட்டிலில் இருந்த சில்வர் நைட்ரேட்டை ஒரு சொட்டு விட்டார். சட்டென்று வெள்ளை வீழ்படிவு. குளோரைடு, அதாவது பெரும்பாலும் நம் சமையல் உப்பு. அந்தச் சொட்டு பட்டு என் ஆள்காட்டி விரல் கறுத்துப்போய், தோல் உரியும்வரை அப்படியே இருந்தது. தெருவில் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன்.

அப்போதுதான் மண்டிக்காரர் மகன் எழுந்தான். நன்றாகப் படிப்பவன். "குரோமியம் இருக்குன்னு பேப்பர்ல போடறாங்களே டீச்சர், அது இருக்கா?"

"இருக்கலாம். நம்மகிட்ட அத அளக்க வசதி இல்ல. அளக்காதத நோட்டுல எழுதக் கூடாது."

அவன் உட்கார்ந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. தன் வீட்டைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தானோ, நியாயமாகப் பேசுகிறார் என்று நினைத்தானோ தெரியாது. அந்த நாளிலிருந்து சோதனைகளுக்கு முதலில் வந்து நின்றவன் அவன்தான்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னார். நைனாவிடம் கேட்டேன். "இன்னாத்துக்குடா கேக்கிற?" என்று முதலில் முறைத்தார். படிப்புக்கு என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் வேலையைப் பற்றி ஒருவன் நோட்டும் பேனாவுமாக வந்து கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. "தோலு வர்றப்பவே உப்புல புரண்டுதான் வரும். இல்லன்னா அழுகிப்பூடும். மொதல்ல உதறுவோம். உதறினது போவ மீதி தண்ணில கரையும். அப்பறம் சுண்ணாம்பு, சல்பைடு. ரோமம் கழண்டு வந்துடும். அப்பறம் ஆசிட்டு, கூடவே மறுபடி உப்பு. அப்பறந்தான் டிரம்முல குரோம். ராத்திரி போட்டா காலைல நீலமா வெளிய வரும்." அவர் நகக்கண்களிலும் அந்த நீலம் இருந்தது.

தாத்தா காலத்தில் இப்படி இல்லை என்றும் சொன்னார். அப்போது ஆவாரம் பட்டை. குழியில் ஊறப்போட்டால் வாரக் கணக்கில் ஆகும். 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் கப்பலேறுவதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் ஷூவையும் விற்கச் சொன்னது. ஊருக்கு வேலை பெருகியது. அம்மாக்களுக்குக் கம்பெனி பஸ் வந்தது. கூடவே குரோமும், பல மடங்குத் தண்ணீரும், பல மடங்குக் கழிவும் வந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு உண்டு: ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணீர், இந்தத் தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது. ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டித்தானே இருக்கின்றன, பிறகும் கிணறு ஏன் இப்படி என்று நான் டீச்சரிடம் கேட்டேன். "கொழுப்பு, ரோமம், சதை எல்லாத்தையும் பாக்டீரியா தின்னுடும். உப்பத் தின்னாது. அது வந்த மாதிரியே வெளிய போவும்" என்றார். பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் இது. பின்னாளில் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரமும் 'சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது' என்ற விதியும் வந்ததற்கு இந்தத் தின்னாத உப்புதான் காரணம்.

நைனா சொன்ன இன்னொன்றை நோட்டில் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. "முந்தி பூஞ்சக் காளான் புடிக்காம இருக்க ஒரு மருந்து போடுவோம். ஜெர்மனிக்காரன் அது வாணாம்னான். ஒடனே நின்னு பூட்சி. கிணத்துமேட்டுக்காரன் இருபது வருசமா வாணாம் வாணாம்ங்கிறான்." அவர் சொன்ன மருந்து பென்டாகுளோரோபீனால். 1989-ல் ஜெர்மனி அதைத் தடைசெய்தது. 1994-ல் சில அசோ சாயங்களையும். இரண்டு முறையும் பாலாற்றங்கரை ஷாப்புகள் மாறிக்கொண்டன, இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வந்துவிடும். சுற்றுச்சூழல் பற்றி நான் பின்னாளில் படித்த எந்தப் புத்தகமும், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஊரில் செய்தி பரவாமலிருக்குமா? பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முக்கியமானவர் ஒருவர் வந்தார். எங்கள் பெஞ்சுகளின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது அவர் குடும்பத்துப் பெயர். தலைமையாசிரியர் அறைக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். ஜன்னல் ஓரம் நின்றோம். அவர் நோட்டைப் புரட்டினார். கிணறு 1, கிணறு 2, போர் 4. கிராம், சொட்டு, தேதி. ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. 'நாசம்', 'அழிவு', 'விஷம்' என்று ஒரு வார்த்தை இல்லை. கோபப்படத் தயாராக வந்தவர் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்க வூட்டு போர் தண்ணியையும் பாத்துச் சொல்றீங்களா டீச்சரம்மா? மருமவ முடி கொட்டுதுன்றா" என்றார்.

பார்த்துச் சொன்னோம். அதுவும் நன்றாக இல்லை.

இதை வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஷாப்பு மறுநாளும் ஓடியது. ஓடியதால்தான் எங்கள் தெரு சாப்பிட்டது. ஆனால் அந்த அறையில் பேச்சு நடந்தது. போர்டில் 'பாலாற்றைக் காப்போம்' என்று எழுதி வைத்திருந்தால் நடந்திருக்காது. இன்றைக்குப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் நாள் என்றால் பூமி உருண்டைக்குக் கண்ணும் கண்ணீரும் வரைந்து கலர் அடிக்கிறார்கள், ஒரு மரக்கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். மரம் நடுவதில் தப்பில்லை. யாரோடும் மனஸ்தாபம் வராது என்பதால்தான் எல்லோரும் மரம் நடுகிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம், அவ்வளவுதான்.

கணக்கு வகுப்பிலும் இது புகுந்தது. 1996 தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் அந்த 2001-ல்தான் வேலூர் மாவட்டத்துக்கான இழப்பீட்டை அறிவித்திருந்தது. 1991 முதல் 1998 வரையிலான பாதிப்புக்கு, 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, மொத்தம் 26 கோடி ரூபாய்க்கும் மேல். கோடி என்றதும் கடைசி பெஞ்சைப் பார்த்து எல்லோரும் விசிலடித்தோம். டீச்சர் வகுத்துப் பார்க்கச் சொன்னார். தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. ஏழு வருஷத்துக்கும் மேலான காலத்தால் மறுபடி வகுத்தால், ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறுக்குப் பக்கம். நைனாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. விசில் நின்றது. வகுத்தல் எதற்குப் படிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

முழு ஆண்டுத் தேர்வில் ஓசோன் படலம் பற்றிக் குறிப்பு வரைக என்று வந்தது. மான்ட்ரியல் ஒப்பந்தம், 1987. ஐந்துக்கு ஐந்து.

டீச்சர் அடுத்த வருஷத்தோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். யாரும் துரத்தவில்லை, கணவருக்கு வேலை வேறு மாவட்டத்தில். ஏழெட்டு வருஷ இடைவெளியில் ஒருமுறை திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் பார்த்தேன். என் பெயர் ஞாபகமில்லை, "கருப்பு விரல்தானே?" என்றார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் தோல் பொருள் ஏற்றுமதிக்கான சோதனைக்கூடத்தில் இருக்கிறேன் என்றேன். "அப்ப குரோமியம் அளக்க வசதி வந்துடுச்சு" என்றார்.

வந்துவிட்டது. 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் எந்தத் தோல் பொருளிலும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அவ்வளவு கெடுதல் இல்லாதது. பதம் தப்பினால், சூட்டிலும் வெளிச்சத்திலும் காய்ந்தால், அதில் கொஞ்சம் ஆறாக மாறும். யாரோ ஒரு மிலான் நகரத்துப் பெண்ணின் கணுக்காலில் அரிப்பு வரக் கூடாது என்று ஒரு வார்ப் பட்டையை நறுக்கி, கரைசலில் ஊறவைத்து, நிறம் காட்டவைத்து நான் அளக்கிறேன். வரம்பு தாண்டினால் கண்டெய்னரே நின்றுவிடும். நைனாவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொல்லல?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2025 ஜனவரி 30 அன்று வேலூர் தோல் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்பு அறிவித்த இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். செய்தியைப் பார்த்ததும் கிணத்துமேட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் அப்பா வாங்கியதோடு அவர்கள் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. சித்தப்பா வீட்டுக்குத்தான் பாக்கி என்றான். நிலத்தில் இப்போது ஒன்றும் போடுவதில்லை. ஆற்றிலிருந்து தள்ளி மலையடிவாரப் பக்கம் ஒரு போர் போட்டு, கேன் தண்ணீர் பிளான்ட் நடத்துகிறான். முப்பது ரூபாய்க்கு இருபது லிட்டர், வீட்டுக்கே கொண்டுபோய்ப் போடுவான். பெஞ்சு கொடுத்தவர் வீட்டுக்கும் அவன்தான் போடுகிறான்.

வியாபாரம் பற்றி நிறையப் பேசினான். சவ்வு மாற்றுகிற செலவு, கரண்ட் பில், கேன் திருப்பித் தராதவர்கள். போரிலிருந்து வரும் தண்ணீரில் பாதிதான் நல்ல தண்ணீராகக் கேனுக்குப் போகும் என்றான். மீதிப் பாதியில் மொத்த உப்பும் சேர்ந்துகொள்ளுமே, அதை எங்கே விடுகிறாய் என்று கேட்டேன்.

"ரோட்டோரக் கால்வாயிலதான். வேற எங்க வுட்றது?"

"அது எவ்ளோ இருக்கும்?"

"மூவாயிரத்து எட்நூறு" என்றான் உடனே. "மாசா மாசம் நோட்டுல எழுதிக்கினுதான் வரேன். வேணும்னா போட்டோ புடிச்சி அனுப்பட்டுமா?"